மூச்சு எடுக்காத குரல்

நம்பாதவர்கள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடிக்குப் போய் ஸுமைராவையே கேட்டுக்கொள்ளலாம். அவள் கதை விடுகிற ஆள் இல்லை. கதை விடுகிறவர்களைப் பிடிப்பதுதான் அவள் தொழிலே.

சில்லறைக் கடை ஒன்றின் மேல்மாடியில் அவளுக்கும் சுதேஷுக்கும் ஒரு சின்ன அறை. ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப்பிலும் சுற்றுகிற படங்களையும் குரல்களையும் சோதிப்பார்கள். வெட்டி ஒட்டியதா, கம்ப்யூட்டர் செய்ததா என்று பார்த்து, பொய்யென்றால் சிவப்பு எழுத்தில் "போலி" என்று போடுவார்கள். அந்த மழைக் கிழமை முழுவதும் கண்டிச் சுற்றுவட்டாரமே அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. இது நடப்பதற்கு முதல் நாள் யாரோ ஒரு விஷமி போட்ட உதவிக் குரலை நம்பி ஓடிய இரண்டு பேரை வெள்ளம் இழுத்துவிட்டது. மயிரிழையில் தப்பினார்கள்.

பேய் வர நடுச்சாமம் வேண்டும் என்பதெல்லாம் சும்மா. இது நடந்தது பட்டப்பகலில்.

பிற்பகல் 2.41. ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு வந்தது. படம் இல்லை. 22 செக்கன் குரல் மட்டும்.

"நான் றிஸானா. அக்குறணை மேல்பக்கம், பள்ளிவாசலுக்குப் பின்னால உள்ள மேட்டு வீடு. மண் சரிஞ்சிட்டு. மகள் நதா குசினிக்குள்ள, அடுப்படியில ஈக்கிறா. உசிரோட ஈக்கிறா. யாராவது வாங்க."

பிள்ளையின் உயிர் என்று ஸுமைராவுக்குத் தெரியும். ஆனாலும் வேலை வேலைதான். அந்தக் கணக்கில் இரண்டு வருடமாக ஒரு பதிவும் இல்லை. திருடிய கணக்குகள் இப்படித்தான் இருக்கும். அதிலிருந்த இலக்கத்துக்கு எடுத்தாள். போன் அணைந்திருந்தது. அக்குறணையில் மீட்பு வேலையில் நிற்கும் முஹ்ஸினுக்கு எடுத்தாள். லைன் கிடைக்கவில்லை.

பிறகு குரலைத் திரையில் விரித்தாள். மனுஷர் பேசினால் இடையிடையே மூச்சு எடுப்பார்கள். அந்த இடத்தில் கோடு லேசாகப் புடைக்கும். இதில் புடைப்பே இல்லை. 22 செக்கனிலும் ஒரு மூச்சுக்கூட இல்லை.

சுதேஷ் எட்டிப் பார்த்தான். "மூச்சு எங்கங்க? மெஷின் குரல் இது. போட்டுடுங்க."

2.58. "போலி" என்று போட்டாள்.

மனம் கேட்கவில்லை. 3.03க்குத் திரும்பவும் திறந்தாள். பதிவின் நீளம் 26 செக்கன்.

முதலில் பிழையாகப் பார்த்திருப்பேன் என்று குறிப்பைப் புரட்டினாள். அவள் கையெழுத்தில், தெளிவாக, 22.

ஹெட்போனை மாட்டினாள். அதே சொற்கள். "யாராவது வாங்க" என்பதற்குப் பிறகு, தூரத்தில் பள்ளிவாசல் பாங்கு சத்தம். நடுவில் பாங்கு சொல்பவர் இரண்டு தடவை இருமினார். இது முதலில் இருக்கவில்லை. திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள்.

3.16. பக்கத்துத் தெருப் பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு தொடங்கியது.

நடுவில்... அதே இடத்தில்... இரண்டு இருமல்.

பதிவில் முன்பே கேட்டது இந்தத் தெருப் பாங்கு. அப்படியென்றால் அந்தக் குரல் அக்குறணையில் இல்லை. இங்கே... இந்த அறைக்குள்.

ஹெட்போனைக் கழற்றி வீசினாள்.

குரல் நிற்கவில்லை.

"ஸுமைரா தாத்தா..."

அக்காவை அங்கே முஸ்லிம்கள் தாத்தா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அவள் தன் பெயரை எந்தப் பதிவிலும் போட்டதே இல்லை.

"நான் பொய் சொல்லல்ல தாத்தா. புள்ளைக்குத் தண்ணி ஏறுது..."

காதோடு காதாக.

ஆனால் காதில் காற்றே படவில்லை.

சுதேஷுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவன் கண்டதெல்லாம், "போலி"யை அழித்துக்கொண்டிருந்த ஸுமைராவைத்தான்.

"என்னங்க பண்றீங்க? தப்பாப் போனா நாலு பேரு உயிருங்க!"

"போலியெண்டு சொன்னதும் நான்தான். போங்கெண்டு சொல்றதும் நான்தான்."

3.18. முஹ்ஸினுக்கு எடுத்தாள். இந்தத் தடவை ஒரே மணியில் லைன் கிடைத்தது.

4.50க்கு அவரே எடுத்தார். மூச்சு வாங்கியது. "புள்ள கெடச்சிட்டு. கழுத்து மட்டும் சேத்துத் தண்ணி. இன்னும் கொஞ்சம் சுணங்கி ஈந்தா..."

ஸுமைரா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிவப்பு எழுத்து நின்றது இருபது நிமிடம். இன்றைக்கும் அந்த இருபது நிமிடத்தை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்குவதில்லை.

"உம்மா?"

"பக்கத்துலதான் ஈந்தா. மவுத்து."

மற்றதெல்லாம் பிறகு தெரிந்தது. மண் சரிந்தது முற்பகல் 11.40க்கு. றிஸானா அந்த இடத்திலேயே போய்விட்டதாக டாக்டர் சொன்னார். அவளுடைய போன் நான்கு நாளாக அக்குறணையில் ஒரு திருத்தும் கடை மேசை லாச்சிக்குள், திரை உடைந்து, பற்றரி கழற்றிக் கிடந்தது. ஸுமைராவின் கம்ப்யூட்டரில் உள்ள பிரதியின் நீளம் இப்போது 22 செக்கன்.

ஒரு மாதம் கழித்து நதாவைப் பார்க்கப் போனாள். ஆறு வயது. கையில் கட்டு. தனியாகப் பயந்தீங்களா மகள் என்று கேட்டாள்.

"இல்ல. உம்மா பேசிட்டே ஈந்தா. என்னைய உறங்கவே உடல்ல," என்றாள் நதா. "மூச்சே உடாமப் பேசினா."