கோர்கோய் அக்காவின் காலிப் பேசின்

கோர்கோய் அக்கா முப்பது வருஷம் டெஷி ஊர்த் தெருக்களில் கென்கி விற்றவர். விடிகாலையில் அவித்த அந்தச் சோள உருண்டைகளை அகன்ற பேசின் பாத்திரத்தில் அடுக்கித் தலையில் ஏற்றினால், விற்றுத் தீர்த்துவிட்டுத்தான் திரும்புவார். மகன் லார்யே துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் சாய்வு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டான். "உழைச்சது போதும், உக்காரும்மா" என்றான். பாசம்தான், யார் இல்லையென்றது? தண்ணீர்ச் செம்பைக்கூட அம்மா கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும் பாசம்.

இரண்டு வருஷத்தில் அக்காவின் முழங்கால்கள் வீங்கின. ஒருநாள் லார்யேயை, செத்துப்போன தன் புருஷன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. எதிரே தையல் கடை வைத்திருக்கும் என்னை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

"ரத்தத்தைப் பாத்ததுல உடம்புல அழற்சி ஜாஸ்தியா இருக்கும்மா. அது முட்டியோட நிக்காது, மூளையையும் பாதிக்கலாம்" என்றாள் நர்ஸ். "மாத்திரை தர்றேன். ஆனா தினமும் நடக்கணும்."

"நடந்தா மறதி போயிடுமா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். மெதுவாக்கலாம்."

அக்கா நடந்தார். வயசானவர் வெறுங்கையோடு சும்மா நடந்தால் எங்கள் ஊர் விடுமா? ஒரே வாரத்தில் மூன்று பேர், "வழி தவறிட்டீங்களா?" என்று கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து சேர்த்தார்கள். மூன்றாவது தடவை அக்கா அழுதேவிட்டார்.

மறுநாள் லார்யே வேலைக்குப் போனதும், பழைய பேசினைத் துணியால் மூடி எடுத்து வந்து என் கடை வாசலில் நின்றார்.

"தூக்கி வை."

"உள்ள ஒண்ணுமே இல்லையேக்கா!"

"அது ஊருக்குத் தெரியுமா? வைடி."

வைத்தேன். அதன்பிறகு யாரும் வழிமறிக்கவில்லை. கென்கி கேட்டவர்களிடம் "தீர்ந்துபோச்சு" என்று சொல்லிவிட்டு நடந்தார். காலை ஆறரைக்கே தீர்ந்துபோகிற கென்கி! தின்றவர் ஒருவர்கூட இல்லை, ருசியைப் புகழாதவரும் இல்லை. கடைசியில் ஒருத்தி லார்யேயிடமே போய், "உங்கம்மாகிட்ட எனக்கு நாலு உருண்டை எடுத்துவைக்கச் சொல்லுப்பா" என்று கேட்டுவிட்டாள்.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. நான் பேசினைத் தூக்கும் நேரம் பார்த்து வந்து நின்றான்.

"நான் சாப்பாடு போடலைன்னு ஊர் பேசணுமாம்மா?"

பேசினைப் பிடுங்கித் துணியை விலக்கினான். விழித்தான்.

"ஒவ்வொரு முக்குலயும் நம்ம ஆளுங்க ஒருத்தர் பேரைச் சொல்லிப் பாத்துக்கிட்டே போறேன்" என்றார் அக்கா. "உன் பேரு கடைசி முக்கு. போன வாரம் ரெண்டு நாள் அங்க நின்னு நின்னு பாத்தேன், பேரு ஞாபகம் வரலை. நேத்து வந்துச்சு. என்னை உக்காரச் சொல்லாதடா."

லார்யே துணியை மறுபடி போர்த்தினான். காலிப் பேசினை இரண்டு கையாலும் பிடித்து, முழுச் சுமையைத் தூக்குவதுபோல் தூக்கி, அம்மா தலையில் வைத்தான்.

"கடைசி முக்குல நான் வந்து நிக்கறேன்மா."

"நில்லு" என்றார் அக்கா. "ஆனா பேரை எடுத்துக் குடுத்துடாதே. நானே சொல்லணும்."