லீவரைப் பிடித்த கை

யாரையும் நம்ப வைக்க இதை எழுதவில்லை. நடந்தது எனக்கு. அதுவும் பாழடைந்த பங்களாவிலோ நடுச்சாமத்திலோ இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பளிச்சென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தபோது, ஒரு ஆபீஸின் மூன்றாவது மாடியில் நடந்தது. பேய்க்கு நேரம் காலம் உண்டு என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் காப்பியர் மெஷின் ரிப்பேர் செய்ததில்லை என்று அர்த்தம்.

பதினாறு வருஷமாக எனக்கு அதுதான் பிழைப்பு. அன்று பார்க்கப் போன மெஷினைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், என் வயிற்றெரிச்சலாவது தீரட்டும். தாளில் மையைச் சுட்டு ஒட்டவைக்கிற பகுதியை ஃபியூசர் என்போம். அந்த மெஷினில் ஃபியூசரைக் கழற்ற வேண்டுமானால், பின்பக்கம் போய்ப் படுத்து இரண்டு கைகளையும் உள்ளே விட வேண்டும். அதே சமயம் முன்பக்கம் இடது மூலையில் இருக்கும் ஸ்பிரிங் லீவரை யாராவது அழுத்திப் பிடிக்க வேண்டும். விட்டால் பட்டென்று எழும்பி எல்லாம் பழையபடி பூட்டிக்கொள்ளும். இதை வரைந்த புண்ணியவானுக்கு மூன்று கை இருக்கும்போல.

இன்னொரு கூத்து. முன்னால் இருக்கும் பட்டனை அழுத்தினால் மெஷின் அணையாது, தூங்கும், அவ்வளவுதான். கரண்டை நிறுத்துகிற உண்மையான சுவிட்ச், கீழே பக்கவாட்டில் ஒரு மூடிக்குள் இருக்கும். ஆபீஸ்காரர்கள் சரியாக அந்த மூடியை அடைத்து ஒரு இரும்பு பீரோவை நிறுத்தியிருப்பார்கள். அவர்களுக்கு அறிவு என்கிற சாமானை யாரும் சப்ளை செய்வதில்லை.

ஒரே மாதத்தில் அந்த மெஷினுக்கு அது மூன்றாவது கம்ப்ளெயின்ட். தாள் சிக்கிக்கொண்டே இருந்தது. என் மேனேஜர் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"திங்கக்கிழமை காலைல மெஷின் ஓடணும். ஓடலன்னா நீங்க வேலைக்கு வர வேணாம்."

"சார், அது ரெண்டு பேர் செய்யற வேலை. ஹெல்பர் வேணும்."

"ஆள் வந்துகிட்டே இருக்காரு. நீங்க ஆரம்பிங்க."

எனக்கு வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் காலேஜில் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. இந்த வயதில் வேலை போனால் வேறு எவன் கூப்பிடுவான்? பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

கேட்டில் வயதான செக்யூரிட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் பையைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

"மெஷினுக்கா தம்பி? உங்க ஆளு ஒருத்தரு முன்னாடியே மேல போயிட்டாரே."

அட, மேனேஜர் வாயிலிருந்து ஒரு உண்மை வந்துவிட்டதே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே மாடி ஏறினேன்.

அந்த ஆபீஸுக்கு ஒரே வாசல். கதவைத் திறந்தால் 'கிரீ...ச்' என்று பல் கூசும்படி ஒரு சத்தம். தானாக மூடிக்கொள்ளும்போது மறுபடி அதே சத்தம். உள்ளே யாரும் இல்லை. வெளியே படிப்பக்கம் இருக்கும் கழிப்பறைக்குப் போயிருப்பார், வரட்டும் என்று வேலையை ஆரம்பித்தேன்.

மெஷினின் பின்கதவைத் திறந்தால் அது நின்றுவிடும். அதற்கென்று ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு. ஆனால் தாள் எங்கே சிக்குகிறது என்று பார்க்க, கதவு திறந்திருக்கும்போது மெஷின் ஓட வேண்டும். அதனால் நாங்கள் எல்லாருமே ஒரு திருட்டுத்தனம் செய்வோம். அட்டையை மடித்து அந்த சுவிட்சுக்குள் செருகிவிடுவோம். கதவு மூடியிருப்பதாக மெஷின் நினைத்துக்கொள்ளும். அன்றும் செருகினேன். ஓட்டிப் பார்த்தேன். கோளாறு ஃபியூசரில்தான் என்று தெரிந்தது.

இனி அட்டையை எடுக்க வேண்டும். கரண்டை நிறுத்த வேண்டும். பீரோவைத் தள்ளிப் பார்த்தேன், அசைந்து கொடுக்கவில்லை. முன்பட்டனை அழுத்தினேன். விளக்குகள் அணைந்தன. போதும், அட்டையை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் இருந்த சந்தில் போய்ப் படுத்தேன். பதினாறு வருஷ அனுபவத்தில் வந்த திமிர், வேறென்ன?

கைகளை உள்ளே விட்டேன். லீவர் பூட்டியிருந்தது. எரிச்சலில் வாய்விட்டே சொன்னேன்.

"இதை டிசைன் பண்ணவன ஒருநாள் இந்தச் சந்துல படுக்க வைக்கணும்."

முன்பக்கமிருந்து, "த்சு..." என்று ஒரு சத்தம் வந்தது.

உச்சுக்கொட்டுகிற சத்தம். நம் தொழிலில் இருப்பவன் போடுகிற அதே சலிப்பு. ஆள் வந்துவிட்டார் என்று மனசு லேசானது.

"வந்துட்டீங்களா? இடது பக்கம் ஒரு லீவர்..."

சொல்லி முடிப்பதற்குள் லீவர் இறங்கிவிட்டது. மெஷினின் வயிற்றுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கை லீவரைப் பிடித்திருந்தது. மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட முழுக்கைச் சட்டை. விரலெல்லாம் டோனர் மை. நகக்கண்ணிலும் கறுப்பு. நம்ம ஜாதிதான் என்று சிரித்துக்கொண்டேன்.

முதல் ஸ்க்ரூ வந்தது. இரண்டாவது ஸ்க்ரூ, கை நுழையாத இடுக்கில் இருந்தது. திட்டினேன். "த்சு..." என்று முன்பக்கமும் சேர்ந்துகொண்டது. உலகத்தில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் என்று தோன்றியது.

அந்த ஸ்க்ரூ மல்லுக்கட்டியது. வெகுநேரம் ஆனது. வியர்வை கண்ணில் இறங்கியது. அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்த ஸ்பிரிங்கை ஒரு நிமிஷம் பிடித்தாலே விரல் மரத்துப்போகும், கை தானாக நடுங்கும். இந்தக் கை துளிகூட ஆடவில்லை.

"வலிச்சா சொல்லுங்க. கொஞ்சம் விட்டுட்டுப் பிடிக்கலாம்."



காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். மூச்சுவிடும் சத்தம்கூட இல்லை. சுவரில் ஓடுகிற கடிகாரத்தின் 'டிக்... டிக்...' மட்டும்தான்.

இன்னொன்றும் உறைத்தது. அவர் எப்படி உள்ளே வந்தார்?

கதவு கிரீச்சிடவே இல்லையே...

என் கை ஃபியூசருக்குள் இருந்தது. உருளைகள் இரண்டுக்கும் நடுவில். வெளியே எடுக்கவும் தோன்றவில்லை.

"அண்ணே...?"



பிறகு, காதுக்குப் பக்கத்தில் சொன்னது போல...

"கையை எடு."

வெடுக்கென்று இழுத்தேன்.

'ணங்!' லீவர் எழும்பிக்கொண்டது.

உள்ளே ஆரஞ்சு நிறத்தில் சூட்டு விளக்கு எரிந்தது. உருளைகள் சுழன்றன. எவனோ ஒருவன், ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக வீட்டில் உட்கார்ந்துகொண்டு ஆபீஸ் மெஷினுக்குப் பிரின்ட் கொடுத்திருக்கிறான். தூங்கிக்கொண்டிருந்த மெஷின் விழித்துக்கொண்டது. சுவிட்சில் என் அட்டை இருந்ததால், திறந்து கிடந்த கதவு அதற்குத் தெரியவில்லை.

சந்திலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது.

முன்பக்கம் யாரும் இல்லை.

வெள்ளை வெளேரென்ற முன்பலகை. டோனர் படிந்த கை தொட்டால் ரேகை விழாமல் இருக்கவே இருக்காது. குனிந்து பார்த்தேன்.

ஒரு கறைகூட இல்லை.

வேலையை எப்படி முடித்தேன் என்று கேட்பீர்கள். முடித்தேன். பயத்தைவிடச் சம்பளம் பெரிது. கீழே ஓடிப்போய்ச் செக்யூரிட்டி அண்ணனைக் கெஞ்சிக் கூட்டிவந்தேன். இருவரும் சேர்ந்து பீரோவைத் தள்ளிக் கரண்டை நிறுத்தினோம். அட்டையைப் பிடுங்கி எறிந்தேன். அவர் லீவரைப் பிடித்தார். இரண்டே நிமிஷத்தில் "ஐயோ, விரலு போச்சு தம்பி" என்று அலறினார். அந்த அலறல் எனக்குச் சங்கீதம் மாதிரி இருந்தது.

இறங்கும்போது கேட்டேன்.

"எங்க ஆளு எப்பண்ணே கீழ வந்தாரு?"

"வரலியே. போன தடவ லீவுல வேற ஒரு தம்பி வந்தப்பவும் இப்படித்தான். அவருக்கு முன்னாடி உங்க ஆளு ஒருத்தரு ஏறுறதப் பாத்தேன், எறங்குறதப் பாக்கல. மேல வேற வழி இருக்கும்னு நெனச்சேன்."

வேறு வழி இல்லை. ஒரே படிதான். மேனேஜருக்குப் போன் போட்டேன்.

"சார், யாரை அனுப்புனீங்க?"

"யாரையும் அனுப்பல. நீங்க ஆரம்பிக்கணும்னு சும்மா சொன்னேன். மெஷின் ஓடுதா?"

ஓடுகிறது என்றேன். வேறு என்ன சொல்வது?

மூன்று வாரம் கழித்து, எங்கள் ஸ்டோரில் பழைய சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் மெஷின் நம்பரைக் கேட்டார். சொன்னதும் கையிலிருந்த சாமானைக் கீழே வைத்துவிட்டார்.

அது புது மெஷின் இல்லையாம். வேறொரு ஆபீஸில் இருந்ததைத் திரும்ப எடுத்து, மேல்பலகைகளை மட்டும் மாற்றிப் புதுசு என்று விற்றிருக்கிறார்கள். நான் இந்தக் கம்பெனியில் சேர்வதற்கு முன், அந்தப் பழைய ஆபீஸில் எங்கள் கம்பெனிக்காரர் ஒருவர் இதே வேலைக்குத் தனியாகப் போயிருக்கிறார். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஆள் வருகிறார் என்று அவரிடமும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு மாதிரி முட்டுக்கொடுத்து லீவரை நிறுத்தி, வேலையையும் முடித்துவிட்டார். கையை வெளியே எடுக்கும்போது கரண்ட் அடித்துவிட்டது. சுவருக்கும் மெஷினுக்கும் நடுவில் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. சுவிட்சில் அட்டை அப்படியே இருந்தது.

திங்கட்கிழமை ஆபீஸ் திறந்தது. எல்லாரும் வந்தார்கள். மத்தியானம்வரை அந்த மெஷினில் வரிசையாக நின்று பிரதி எடுத்திருக்கிறார்கள். யாரும் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை. நடுவில் ஒருவர் எங்கள் கம்பெனிக்குப் போன் செய்து, மெஷின் இப்போது அருமையாக ஓடுகிறது, நேற்று வந்தவருக்கு நன்றி சொல்லிவிடுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.