வாங்க என்று சொல்லாத வீடு

பரந்தாமன் அண்ணன் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வெல்டர். எங்களுக்கு அடுத்த குவார்ட்டர்ஸ். 1987-இல் அவர் மனைவி பஞ்சவர்ணம் அக்கா மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். பிள்ளைகள் இல்லை. துக்கம் விசாரித்து முடித்ததும் எல்லோரும் வருவது நின்றுபோனது. மாலைகளில் அண்ணன் கதவைத் திறந்தே வைத்திருப்பார். நாங்களும் போகவில்லை.

அடுத்த ஆண்டு, ருஷ்யாவிலிருந்து வந்திருந்த பொறியாளர்களுக்காக மனமகிழ் மன்றத்தில் ஒரு பாலே நடனப் படம் போட்டார்கள். நம் ஆட்கள் பாதியில் எழுந்து போக, அண்ணன் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை பேசாமல் உடம்பாலேயே துக்கத்தைச் சொல்லிவிட முடிகிறதே என்று மாய்ந்து மாய்ந்து சொன்னார். வாடகை நூலகத்தில் படித்திருந்த ரத்தம் குடிக்கும் பிரபுவின் கதையை மன்ற ஆண்டுவிழாவுக்குப் பாலேயாக்கினார். பிரபு அவர். அவனிடம் சிக்கும் பெண் நான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு, கொஞ்சம் பரதம் தெரியும்.

கதையில் ஒரு விதி உண்டு. வீட்டார் கூப்பிடாமல் அந்தப் பேய் வாசற்படி தாண்டாது. கூப்பிடலாமா வேண்டாமா என்று பெண் தவிப்பதுதான் காட்சியின் உயிர். ஒத்திகையில் எனக்கு அதுதான் வரவில்லை. வாசலில் ஆள் வந்து நின்றால் என் கை தானாக "வாங்க" என்று நீண்டது.

"இன்னாம்மா வடிவு, பேய்க்குக் காப்பியும் போட்டுக் குடுப்ப போல கீது!" என்றார் டேப்ரிக்கார்டர் போட்ட கோதண்டம்.

"நாளைக்குள்ள ஒழுங்கா வரலன்னா மிமிக்ரி வெச்சிக்கிறோம்பா" என்று மன்றச் செயலாளர் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணன் மேடையில் நிறுத்தியிருந்த வாசல் சட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "எழவு ஊடுன்னு வெச்சிக்கலாம்" என்றார். "அங்க யாரையும் வாங்கன்னு கூப்புட மாட்டாங்க இல்ல? வந்தவங்களும் சொல்லிக்காமத்தான் போவாங்க."

மேடையில் ஒரு காமாட்சி விளக்கும் பாயும் வைத்தோம். என் கை தானாக மடங்கிக்கொண்டது. செயலாளர் சரி என்றார்.

விழா அன்று அண்ணன் கறுப்புச் சால்வையில் வந்தார். குனிந்து வெல்டிங் வைத்துப் பழகிய முதுகு. வாசற்படிமேல் ஒரு காலைத் தூக்குவார், அந்தரத்தில் நிறுத்துவார், பின்னால் எடுத்துக்கொள்வார். மறுபடியும். மறுபடியும். நான் விளக்கருகே தலைகுனிந்து நின்றேன்.

முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த, மன்றத்தைப் பெருக்கும் முனியம்மாவுக்கு அது பொறுக்கவில்லை. "எம்மாம் நேரம் அந்தாளு வெளியவே நிக்கிறது? நீ வா நைனா, உள்ள வா!"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. விதிப்படி இனி அவர் உள்ளே வரலாம். வந்து என் கழுத்தைக் கடிக்க வேண்டும். அண்ணன் படி தாண்டி வந்தார். விளக்குக்கு முன்னால் பாயில் உட்கார்ந்து, சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். திரையை இழுத்துவிட்டார்கள்.

அதற்கடுத்த ஆண்டு மிமிக்ரிதான். முனியம்மா மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போவாள். 1991-இல் கல்யாணமாகிப் பூந்தமல்லிக்குப் போகும்போது நான் வாசலில் நின்றே அவரிடம் சொல்லிக்கொண்டேன்.

"உள்ள வாம்மா" என்றார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணா."

சென்ற வாரம், சேக்காட்டில் அவர் கடைசியாக இருந்த வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. யாரும் வாங்க என்று சொல்லவில்லை. பஞ்சவர்ணம் அக்காவின் துக்கத்துக்குப் போனதற்குப் பிறகு, முதல் முறையாக அவர் வீட்டுப் படியைத் தாண்டினேன். கொஞ்ச நேரம் அவர் காலடியில் உட்கார்ந்திருந்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.