சனாதிபதி வீட்டுப் பற்றுச்சீட்டுகள்

பெட்டி எங்கள் வீட்டுக்குள் வந்த மாலையே கதவை இரண்டு தரம் பூட்டினேன். பெரிய பெட்டியல்ல, பிஸ்கற் வந்த தகரப்பெட்டி. அதற்குள் அமெரிக்காவின் பழைய சனாதிபதி ஒருவரின் குடும்பம் கிடந்தது. அவர்கள் வாங்கிய கையுறைகள், நாடாக்கள், பிள்ளையின் சப்பாத்துக்குப் போட்ட புது அடி, எல்லாம் பற்றுச்சீட்டுகளாக, மஞ்சளித்து, மடித்த இடங்களில் நொறுங்கிக்கொண்டு.

பெட்டிக்குச் சொந்தக்காரி ட்வெய்ட்டா என்ற புறநகரில் எட்டாம் மாடியில் தனியே வாழ்ந்த நோர்வேஜியக் கிழவி. நகரசபைச் சம்பளத்துக்கு முதியவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிக்கவார்த்து, சாப்பாடு சூடாக்கிக் கொடுப்பது என் வேலை. கிழவியுடைய பாட்டியின் அக்கா கப்பலேறிப் போய் அந்தச் சனாதிபதி வீட்டுக்குத் தையல்காரியாக இருந்தவராம். அந்த வீட்டுக்காகக் கடைகளில் வாங்கியவற்றின் சீட்டுகளையும், சனாதிபதியின் மனைவி எழுதியனுப்பிய துண்டுகளையும் அவர் எறியவில்லை. எறியாதவை கடல் திரும்பி வந்து, கிழவியின் அலுமாரிக்குள் இருந்தன.

அந்தக் கட்டடத்தில் தண்ணீர்க் குழாய் மாற்றத் தொடங்கினார்கள். உடைத்த சுவர், புழுதி, ஈரம், முன்பின் தெரியாத ஆட்கள். சீட்டுகளை வாங்கிப்போக அமெரிக்காவிலிருந்து பழம்பொருள் நூதனசாலைக்காரர் ஒருவர் வரவிருந்தார். "அதுவரைக்கும் நீ வைத்திரு" என்று கிழவி பெட்டியை என் மடியில் வைத்தார். பராமரிக்கிற வீட்டிலிருந்து ஒரு பூவைக்கூட நாங்கள் கொண்டுபோகக் கூடாது; தந்தாலும் கூடாது. வேண்டாமென்று வாயெடுத்தேன். அவர் அதற்குள் மூடியை இன்னொரு தரம் அழுத்திச் சரிபார்த்தார். வாங்கிவிட்டேன்.

அது இலங்கையில் போரை நிறுத்தி வைத்திருந்த சமாதான காலம். எங்கள் ஊருக்குப் போகிற கண்டி வீதி திறந்திருந்தது. நாங்கள் குடியிருந்த புருசெத்தில் எங்கள் கட்டடத்துச் சனம் ஊருக்குப் போகச் சூட்கேஸ் கட்டிக்கொண்டிருந்தது. என்னிடமிருந்த அகதிப் பத்திரத்தோடு இலங்கைக்குப் போகமுடியாது. குடியுரிமைக்கு எழுதிப்போட்டிருந்தேன்; விண்ணப்பம் பொலிசாரின் மேசையில் கிடந்தது. என் பெயரில் ஒரு முறைப்பாடு விழுந்தால் எல்லாம் முடிந்தது. ஊரில் அம்மா கட்டிலோடு. வீதி எத்தனை நாளைக்குத் திறந்திருக்குமென்று கடவுளுக்கும் தெரியாது. பெட்டியை ஜக்கெற்றுக்குள் வைத்து, வயிற்றுப்பிள்ளைக்காரி போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு ரயிலில் வந்தேன்.

"என்னப்பா உது?" என்றார் கணவர்.

"சனாதிபதி வீட்டுக் கடதாசி. தொடாதேங்கோ."

"எங்கடை சனாதிபதியோ?"

"அமெரிக்காச் சனாதிபதி. செத்து எத்தினையோ காலம்."

"அப்ப பயமில்லை. செத்த சனாதிபதி ஆள் பிடிக்கமாட்டார்."

நான் சிரிக்கவில்லை. பெட்டியை உடுப்பு அலுமாரியில் வைத்தேன். பிறகு கட்டிலுக்குக் கீழே. பிறகு மறுபடி அலுமாரியில்.

அவர் பள்ளிக்கூடமொன்றில் துப்புரவு வேலை செய்தார். ஒருநாள் நான் வேலையால் வர, குசினி மேசையில் ஒரு தாள் மினுங்கியது. பக்கத்தில் அவர், பரிசு வாங்கின பிள்ளையின் முகத்தோடு.

"இஞ்சை வந்து பாரும். பெட்டிக்குள்ளை உதிர்ந்துகொண்டு கிடந்தது. பள்ளிக்கூட மிசினிலை லமினேற் பண்ணிக்கொண்டு வந்தனான். இனி மழை வெள்ளம் ஒண்டும் இதைச் செய்யேலாது."

முன்பு சண்டைக்குத் தப்பி ஊரைவிட்டுக் கிளாலிக் கடலைத் தாண்டிய பொழுதில் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறியது. கலியாணப் படங்கள் கரைந்து எங்கள் முகங்கள் மையாக ஓடின. அவர் முன்யோசனையாக லமினேற் செய்திருந்த பிறப்புச் சான்றிதழ்கள் மட்டும் மீன்குஞ்சுகள் போல மினுங்கிக்கொண்டு கிடந்தன. அவற்றைக் காட்டித்தான் இந்த நாட்டுக்குள் வந்தோம். அன்றிலிருந்து அவருக்கு லமினேற் செய்வது சாமிக்குப் பூ வைப்பது போல. மகளின் தடுப்பூசி அட்டையும் அவள் கீறிய முதல் யானையும் எங்கள் வீட்டில் பிளாஸ்ரிக்குக்குள்தான் இருந்தன. எனக்கும் அது சரியாகவே பட்டது. வடிவாயிருக்கு என்றுகூடச் சொன்னேன்.

பத்து வயது மகள் எட்டிப் பார்த்தாள்.

"ஹெர்ரெகூட், கடவுளே, அப்பா! கிளாஸ் பிள்ளையளோடை நூதனசாலைக்குப் போகேக்கை பழைய பேப்பருக்குக் கிட்ட எங்களை மூச்சு விடவே விடேல்லை. நீங்கள் அதைப் பிளாஸ்ரிக்கோடை உருக்கிப்போட்டியள். செத்துப்போச்சு!"

"எங்கை செத்தது? முந்தியைவிட வடிவாயெல்லோ கிடக்கு?"

"திருப்பி எடுக்கேலாது அப்பா!"

அவர் கத்தரிக்கோலை எடுத்து ஓரத்தை வெட்டி மெல்ல உரித்தார். பிளாஸ்ரிக்கோடு ஓர் எழுத்தின் வால் கழன்று வந்தது. கத்தரிக்கோலை வைத்துவிட்டார்.

அதன்பிறகு கதவு மணி அடித்தால் பொலிஸ். தொலைபேசி அடித்தால் பொலிஸ். மேல்வீட்டுப் பிள்ளை பந்தை நிலத்தில் குத்தினால் பொலிஸ். பயம் என் நாக்கில் கிடந்தது. சோறு தகரம் போல ருசித்தது.

"நான் போய்ச் சொல்லுறன், நான்தான் செய்தனான் எண்டு," என்றார் அவர்.

"நீங்கள் போனால் பெட்டி எங்கடை வீட்டை வந்ததும் தெரிஞ்சிடும். சும்மா இருங்கோப்பா."

நூதனசாலைக்காரர் வருகிற நாளில் நேரத்தோடு போனேன், கிழவியின் காலில் விழுந்தாவது முதலில் சொல்லிவிடலாமென்று. கதவைத் திறந்தால் அந்த மனிதர் எனக்கு முன்னரே வந்து மேசையருகே இருக்கிறார், வெள்ளைக் கையுறையோடு. கிழவி வாசலிலேயே என்னிடமிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டுபோய் அவர் முன்னே வைத்தார். எனக்குக் கோப்பி ஊற்றச் சொன்னார்.

நான் கோப்பிக் கூசாவோடு பின்னால் நின்றேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து விரித்தார். பிறகு பிளாஸ்ரிக் மினுங்கியது. அவருடைய கை அந்தரத்தில் நின்றது.

அது ஒரு தாய் எழுதிய துண்டு. செத்துப்போன பிள்ளைக்காக மற்றப் பிள்ளைக்குக் கறுப்பு உடுப்பு, வியாழக்கிழமைக்குள். அத்தனை சீட்டுகளுக்குள்ளும் என் கணவர் அதைத்தான் எடுத்திருந்தார். மடிப்புகளில் ஆக நைந்திருந்தது அதுதான், அதிகம் பிரித்துப் பார்க்கப்பட்டதால். கிழவி அதைத் தன் பக்கம் இழுத்து விரலால் தடவினார். பேனை ஊன்றிய பள்ளங்களை அவர் விரல் தேடியது. தேடித் தேடி வழுக்கியது.

"யார் செய்தது?" என்றார் வந்தவர்.

கிழவி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான்," என்றார் கிழவி.

வந்தவர் மரியாதையாகத்தான் சொன்னார். குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்தி, கடதாசி என்றால் என்ன, சூடு அதை என்ன செய்யும், இப்படிப்பட்டதை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு எவ்வளவு பொறுப்பு வேண்டும் என்று. எனக்கு விழவேண்டிய ஒவ்வொரு சொல்லையும் அந்த எண்பது வயதுத் தலை ஆடி ஆடி வாங்கிக்கொண்டது. கோப்பி கூசாவின் மூக்கால் வழிந்து என் கையைச் சுட்டது. அசையவில்லை.

மற்றவற்றையெல்லாம் எடுத்துக்கொண்டு, அந்த ஒன்றை மேசையில் விட்டுவிட்டு அவர் போனார்.

"உன் வீட்டில் யார் செய்தது?" என்றார் கிழவி.

"என் கணவர்." தெரிந்த நோர்வேஜியத்தில் வள்ளத்தையும் கடலையும் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார்.

"எனக்குக் கோபம்தான். நிறையக் கோபம். ஆனால் உன்னைத் துரத்திவிட்டு, இன்னொருத்திக்கு என் உள்ளாடை எந்த லாச்சியில் இருக்கிறதென்று காட்ட எனக்குச் சீவன் இல்லை. நாளைக்கு வா."

போனேன். அடுத்தடுத்த நாட்களும் போனேன். அவர் அதைப்பற்றிப் பிறகு கதைக்கவில்லை. கதைக்காதது இன்னும் பயமாயிருந்தது. வயதானவர்களின் கோபம் ஆறவும் கூடும், திடீரென்று ஒரு காலையில் தொலைபேசியை எடுக்கவும் கூடும். தபாற்பெட்டியை மூச்சைப் பிடித்துக்கொண்டே திறந்தேன்.

கடிதம் வந்தபோது படிக்கட்டில் நின்றபடி கிழித்தேன். குடியுரிமை தரப்பட்டிருந்தது. இரண்டு தரம் வாசித்தேன், பிறகு மகளை வாசிக்கச் சொன்னேன். "ஓம் அம்மா, தந்திட்டினம்," என்றாள். பயம் எழும்பிப் போகுமென்று காத்திருந்தேன். போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்தது: வீதி பூட்டமுன் போய்ச் சேருவேனா, சேர்ந்தால் அம்மாவுக்கு என்னை ஆரென்று தெரியுமா.