வாசல் சாரின் பென்சில்

மூன்று பென்சில்களையும் சீவி, முனையைப் புறங்கையில் குத்திப் பார்த்துவிட்டுத்தான் வாசல் சார் கதவருகே நாற்காலியை இழுத்துப் போடுவார். நூலக மாடியில் பேச்சுப் பயிற்சி மன்றம் சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குக் கூடும். அவர் ஐந்துக்கே ஆஜர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். எட்டு வருடமாக வாசலை விட்டு நகராததால் மன்றத்தில் இந்தப் பெயர்.

எட்டிப் பார்க்க வருகிறவர்களை உறுப்பினராக்குவது அவர் பொறுப்பு. படியேறி வருகிறவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் பயந்த ஆள். துடைத்ததையே மறுபடி துடைத்தால் பாதியில் ஓடப்போகிற ஆள். அப்படிப்பட்டவரை இரண்டாம் வரிசைக்கு நடுவில் உட்கார வைத்துவிடுவார். எழுந்து போக வேண்டுமென்றால் நாலு பேருடைய முழங்காலைத் தாண்ட வேண்டும். செவ்வாய்க்கிழமை போன் செய்வார். சேருங்கள் என்ற பேச்சே வராது. "சனிக்கிழமை உங்க சீட்டைப் பிடிச்சு வைக்கட்டுமா?" என்பார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

விண்ணப்பத்தைப் பென்சிலால்தான் நிரப்பச் சொல்வார். "பேனாவைக் குடுத்தா யோசிக்க ஆரம்பிச்சுடுவாங்க. பென்சில்னா, பிடிக்கலைன்னா அழிச்சுக்கலாம்னு ஒரு தைரியம்" என்பது அவர் கட்சி. ஞாயிறு காலை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பென்சில் எழுத்தின் மேல் பேனாவை ஓட்டி, ரப்பரால் துடைத்துக் கோப்பில் வைப்பார். விண்ணப்பத்தின் கடைசி வரி, அறிமுகப்படுத்தியவர் யார் என்று கேட்கும். அந்த இடத்தில் வருடக்கணக்காகத் தன் பெயர் மேலேயே பேனா ஓட்டியும் அவருக்கு அலுத்ததில்லை.

இப்போது அதற்கு ஒரு பங்காளி முளைத்திருக்கிறாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி குத்துகிற பெண். புதிதாக வந்தவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஏதோ கேட்பாள். அவர் பதில் சொல்லி வாய் மூடுவதற்குள் மேடையில் நின்றிருப்பார். இறங்கி வந்து, குத்தினதே தெரியலை என்று சிரிப்பார். முதல் நாளே மேடையேற்றுவது அநியாயம் என்று வாசல் சார் மன்றத் தலைவரிடம் முறையிட்டுப் பார்த்தார். தலைவரும் சிரித்தார். வாசல் சாருக்குச் சிரிப்பு வரவில்லை. பொறாமைதான். அதற்கு அவரே வேறு பெயர் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை.

வருடத்தில் அதிகம் பேரைச் சேர்த்தவருக்கே அடுத்த வருட வாசல் நாற்காலி என்பது மன்றத்து வழக்கம். கடைசி சனிக்கிழமை வந்தபோது இருவருக்கும் ஆளுக்கு ஏழு.

எட்டாவது ஆளாக அவர் நம்பியிருந்தது ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை. நாலு பேர் முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிற மனிதன். மூன்று வாரமாக முழங்கால் வரிசை, செவ்வாய் போன் எல்லாம் ஆயிற்று. பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தும் ஆயிற்று. அன்று கூடுதல் நாற்காலி எடுக்க வாசல் சார் கீழே போய் வருவதற்குள் அவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். லிஃப்ட் பாதியில் நின்றுவிட்டால் உள்ளே மாட்டியவர்களிடம் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாளாம். அவன் சொல்லியிருக்கிறான். அதையே மேலே போய்ச் சொல்லுங்கள் என்றாளாம்.

நாற்காலியும் கையுமாக அவர் உள்ளே வந்தபோது அவன் மேடையில் இருந்தான். "பயப்படாதீங்க. நான் வெளியிலதான் நிக்கிறேன். பேசிக்கிட்டே இருங்க, வந்துடறேன்." அறை கைதட்டியது. நாற்காலி சுமந்த கையால் அவரால் தட்ட முடியவில்லை. முடிந்திருந்தாலும் தட்டியிருப்பாரா என்பது சந்தேகம்.

ஞாயிறு காலை மெக்கானிக்கின் விண்ணப்பம் மேசையில் இருந்தது. கடைசி வரியில் பென்சிலால் அவள் பெயர். ரப்பர் கைக்கெட்டும் தூரத்தில். மூன்று வாரம் நாயாய் அலைந்தது யார்? துடைத்து மாற்றினால் யாருக்குத் தெரியப்போகிறது?

"என்னங்க, அரை மணி நேரமா அந்த ஒரு தாளையே பார்த்துக்கிட்டு இருக்கீங்க?" என்றாள் மனைவி.

"கிறுக்கல். படிக்க முடியலை."

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து அந்தப் பெயரைத் தெளிவாகப் படித்தாள். கண்ணாடிக்கடைக்காரருக்கே கண் போச்சா என்று கேலி வேறு. "யாரு இவங்க?"

"நான் சேர்த்த பொண்ணு" என்றார் வாசல் சார், எரிச்சலாக.

சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது. எழுந்து கோப்பைப் புரட்டினார். இரண்டு வருடத்துக்கு முந்தைய அவளுடைய விண்ணப்பம். பயத்தில் அழுத்தி எழுதிய பென்சில் தடம் ரப்பருக்கும் போகாமல் குழிந்து கிடந்தது. அன்று அவளும் இரண்டாம் வரிசையின் நடுவில்தான் உட்கார்ந்திருந்தாள். கடைசி வரியில் அவர் பெயர்.

திரும்பி வந்து பேனாவைத் திறந்தார். மெக்கானிக்கின் பெயர், விலாசம், தொழில். கடைசி வரிக்கு வந்ததும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் பெயரின் மேல் அழுத்தி ஓட்டினார். ஊதிக் காயவைத்தார். ரப்பரால் துடைத்தார். அவளுக்கு எட்டு.

மனைவி அடுப்படிக்குப் போனாள். அவர் ஒரு முறை அந்தப் பக்கம் பார்த்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். அவள் பெயருக்குக் கீழே, வேண்டாமென்றால் அழித்துக்கொள்கிற மாதிரி லேசாக, பொடி எழுத்தில் தன் பெயரை எழுதினார்.