மொரி சானின் குற்றப்பலகை

மகன் ரியாஸ், மகள் பரீதா,

ஜப்பானில் வாப்பா வேலை செய்யும் ஆணித் தொழிற்சாலையில் காலை எட்டு மணிக்கு ஒரு கூத்து நடக்கும். எல்லோரும் வரிசையில் நிற்போம். ஒருவர் முன்னால் வந்து ஒரு கெட்ட பழக்கத்தைச் சொல்வார். மேற்பார்வையாளர் மொரி சான் அதைக் கரும்பலகையில் எழுதுவார். எல்லோரும் குனிந்து வணங்குவார்கள். யாருடைய பழக்கம் என்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒருவரைப் பற்றி மற்றவர் சொல்கிறார் என்றே நான் நினைத்தேன். நமது ஊரில் அதற்குத்தானே பக்கத்து வீட்டார் இருக்கிறார்கள்!

இவர்கள் குற்றம் சொல்லும் விதமும் வேறு. நாம் ஒருவனை 'மறதிக்காரன்' என்றால் கபுறுக் குழி வரைக்கும் அந்தப் பெயர் அவனோடு போகும். இவர்கள் சொல்லின் வாலில் 'கச்சி' என்றொரு துண்டை ஒட்டுகிறார்கள். 'வசுரெகச்சி' என்றால், மறக்கிற பக்கம் கொஞ்சம் சாய்கிற ஆள். மழை வரும்போலிருக்கிறது என்பது மாதிரி; வராமலும் போகலாம்.

என் முறை வந்தது. கையுறை தருவதாகச் சொல்லி இரண்டு தடவை மறந்தவர் மொரி சான். அவரையே பார்த்து, பள்ளிப்பிள்ளை பாடம் ஒப்புவிப்பதுபோல், "மொரி சான், வசுரெகச்சி" என்றேன். வரிசை முழுதும் என் பக்கம் திரும்பியது. அவர் தன் பெயரைத் தானே எழுதி, அந்தச் சொல்லையும் எழுதி, எனக்கு முன்னால் குனிந்தார்.

கூட வேலை செய்யும், எனக்குத் தம்பி மாதிரியான நிந்தவூர் ஹனீபா என் காதைக் கடித்தான். "காக்கா, என்ன வேல பாத்தீங்க? இஞ்ச அவனவன் தன்ட குத்தத்தத்தான் சொல்ற!"

"அப்ப அவர் ஏன் கோவிக்கல்ல?"

"கோவிச்சாத் தப்பிச்சிருப்பீங்க."

பகலில் மொரி சான் கையுறையை இரண்டு கையாலும் நீட்டினார். "நாளைக்கு உங்களுடைய குற்றம்" என்றார், சிரிக்காமல்.

மத்தியானம் உங்கள் உம்மாவின் கடிதம் வந்தது. "ரியாஸ் உங்கட கடுதாசிய வாசிக்கிறானில்ல. கேட்டா, 'மறதிக்காரன், சோம்பேறி எண்டுதானே இருக்கும், எனக்கு அது மனப்பாடம்' எண்டுறான்." மகன், அன்று நீ வயல் வரம்பில் தண்ணீர் பாயும் வக்கடையைக் கட்ட மறந்து, நம் தண்ணீரெல்லாம் பக்கத்து வயலுக்குள் போனது. வரம்பில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க உனக்கு அந்தப் பெயரை வைத்தவன் நான். பிறகு கடல் தாண்டி வந்தும் மாதாமாதம் முத்திரை ஒட்டி அதையே அனுப்பினேன். வக்கடையை நீ மறந்தது ஒரே ஒரு நாள்.

இனி ஏசமாட்டேன் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஊருக்கு வந்தால் ஏசுவேன். ஆனால் பெயர் வைக்கமாட்டேன். இதையாவது வாசி, மகன்.

அன்று பின்னேரம் எல்லோரும் போனபின் சுண்ணாம்புக் கட்டியை எடுத்தேன். மொரி சானின் பெயருக்குக் கீழே என் பெயரைத் தமிழில் எழுதினேன். பக்கத்தில் 'ரியாஸை ஏசுகிற' என்று தமிழில் எழுதி, மேல் வரியைப் பார்த்துப் பார்த்து, வாலில் 'கச்சி'யை ஜப்பானிய எழுத்தில் ஒட்டினேன். அதை முழுதாக வாசிக்க இங்கும் ஆளில்லை, அங்கும் ஆளில்லை. ஹனீபாவுக்கோ இவர்கள் மொழியில் வாய்ப்பேச்சு மட்டுந்தான், எழுத்துத் தெரியாது. பலகைக்கு முன்னால் தனியாக நின்று, மொரி சான் குனிந்த அளவுக்கு நானும் குனிந்தேன்.