ஹாலில் ஒரு போட்டோ இல்லை

போன திங்கட்கிழமை ஒரு கல்லூரி ஆபீஸ் ஜன்னலில் நின்று, ஒரு பி.காம். வேண்டும் என்று கேட்டேன். கொடுக்கவில்லை.

சிரிக்காதீர்கள். பத்தாம் வகுப்பைத் தாண்டாத ஆள் பட்டம் கேட்டு நின்றால் சிரிப்பு வரும்தான். ஆனால் கேட்டது எனக்காக இல்லை. அக்கா மகள் நிவேதாவுக்காக.

அக்கா வீடு தருமபுரிக்குப் பக்கத்தில், இண்டூர். மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறார்கள். நிவேதா படிப்பது பி.காம்., எல்எல்.பி. — கணக்கையும் சட்டத்தையும் ஒன்றாகக் கட்டிய ஐந்து வருஷப் படிப்பு. கல்லூரி சேலத்துக்கு அந்தப் பக்கம், ஹாஸ்டல் வாசம். மூன்று வருஷம் முடிந்துவிட்டது.

சிக்கல் அங்கேதான்.

அதே தெருவில் சந்தியா என்று ஒரு பெண். நிவேதாவும் அவளும் ஒரே பள்ளி, ஒரே காமர்ஸ் குரூப். சந்தியா தருமபுரியில் வெறும் பி.காம். சேர்ந்தாள், இந்த வருஷம் முடித்தாள். கறுப்பு கவுன், தலையில் தொப்பி, கையில் உருட்டிய தாள் — ஹாலில் போட்டோ மாட்டியாகிவிட்டது. ஓசூரில் வேலையும் கிடைத்துவிட்டது.

நிவேதா வீட்டு ஹாலில்? கடிகாரம் மட்டும்.

இதைப் பார்த்தால் ஊர் என்ன முடிவுக்கு வரும்? வந்துவிட்டது. ‘ஃபெயிலு போல. அஞ்சு வருஷம்னு சொல்லிச் சமாளிக்கறாங்க.’

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. பென்னாகரம் பக்கமிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா காபியைக் கையில் வைத்துக்கொண்டு சுவரை நாலு பக்கமும் பார்த்தாராம்.

“மூணு வருஷம் முடிஞ்சிருச்சுன்னாங்க... பட்டம் வாங்குன போட்டோ ஒண்ணையும் காணமுங்களே?”

“இது அஞ்சு வருஷப் படிப்புங்க” என்றிருக்கிறாள் அக்கா.

“அப்பிடிங்களா.”

அந்த ‘அப்பிடிங்களா’தான் அக்காவைத் தூங்கவிடவில்லை. அதை எனக்கு நாலைந்து விதமாகச் சொல்லிக் காட்டினாள். எல்லா விதத்திலும் அது ‘ஃபெயில்’ என்றுதான் கேட்டது.

அக்கா வீட்டுக்காரர், எனக்கு மச்சான், கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு ஒரு யோசனை தோன்றியது.

“மாப்ள, நீதான் நாலு ஊரு சுத்துனவன். பாப்பாவோட போயி அந்த பி.காமை மட்டும் கையில வாங்கிட்டு வந்துரு. மல்பெரில ஒரு அறுப்பு அறுத்துட்டு மறு அறுப்புக்கு வுடறதில்லையா? வக்கீல் படிப்பைக் கல்யாணத்துக்கு அப்பறம் அவங்க பாத்துக்கட்டும்.”

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பெயரிலேயே இரண்டு பட்டம் இருக்கிறதே... மூன்று வருஷம் படித்ததற்கு ஒன்றைத் தரக் கூடாதா?

லீவுக்கு வீட்டுக்கு வந்திருந்த நிவேதாவிடம் கேட்டேன். “குடுப்பாங்களா?”

“ரூல்ஸ்ல இல்ல மாமா.” பிறகு அவளே, “கேட்டுத்தான் பாக்கலாமே” என்றாள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். கிளம்புவதற்கு ஒரு சாக்குத் தேடுகிற குரல். போர்வெல் லாரி, பெங்களூர் பேக்கரி, கிரானைட் பட்டறை — ஒவ்வொரு வேலையையும் விட்டு வருவதற்கு முந்தின நாள் நானும் அப்படித்தான் பேசியிருப்பேன்.

ரயிலில் ஜன்னல் பக்கம் அவளுக்கு. ஓமலூர் வரைக்கும் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

“காலைல காஸ்ட் அக்கவுண்டிங். மத்தியானம் கான்ட்ராக்ட் சட்டம். பி.காம். பசங்க எங்களை ‘வக்கீலம்மா’ம்பாங்க. மூணு வருஷ லா படிக்கறவங்க ‘கணக்குப்புள்ள’ம்பாங்க. எந்த கிளாஸ்ல உக்காந்தாலும் பக்கத்து கிளாஸ்ல இருக்கணும்னு தோணுது மாமா. சந்தியா சம்பளம் வாங்கறா. நான் இன்னும் வூட்டுக்கு போன் போட்டு சோப்பு வாங்கக் காசு கேக்கறேன்.”

என் பக்கம் திரும்பினாள்.

“பாதில வுட்டுட்டு வர்றப்ப எப்பிடி இருக்கும்?”

“மொத வாரம் நல்லா இருக்கும்.”

“அப்பறம்?”

“அப்பறம் வேற ஏதாவது பாதியத் தேடணும்.”

அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை.

ஆபீஸ் ஜன்னலுக்குப் பின்னால் ஒரு மேடம் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்லை.

“வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் வர்றீங்க சார். போன தடவை ஒருத்தர், ‘பி.காமை நீங்களே வெச்சுக்குங்க, எல்எல்.பி.யை மட்டும் குடுங்க’ன்னாரு.”

“குடுத்தீங்களா?”

“சார், இது ரெண்டு டிகிரி இல்ல. ஒரே டிகிரி. பேருதான் ரெண்டு. நடுவுல வெட்டிக் குடுக்க முடியாது.”

“சரிங்க... இப்ப நின்னுட்டா இந்தப் பொண்ணு என்ன படிச்சிருக்குன்னு சொல்றது?”

மேடம் என்னைப் பார்க்கவில்லை. நிவேதாவைப் பார்த்துச் சொன்னார்.

“ப்ளஸ் டூ.”

மூன்று வருஷம். அத்தனை செமஸ்டர். ஒரு அரியர்கூட இல்லை. கடைசியில் ப்ளஸ் டூ. வெளியே வந்ததும், “பரவால்ல, எனக்கும் உனக்கும் ரெண்டு வகுப்புத்தான் வித்தியாசம்” என்றேன். தப்பான நேரத்தில் தப்பான ஜோக். அவள் வேகமாக முன்னால் நடந்தாள்.

தருமபுரியில் இறங்கும்போது மச்சான் போன். நடந்ததைச் சொன்னேன். அவரிடம் அடுத்த யோசனை தயாராக இருந்தது.

“பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டூடியோல அந்த கவுனு வாடகைக்குத் தர்றாங்களாம் மாப்ள. ஒரு போட்டோ மட்டும் எடுத்துட்டு வந்துருங்க. அடுத்த வாரம் மறுபடி வர்றாங்க. சுவத்துல இருந்தாப் போதும். யாரு போயி ரெஜிஸ்டர் நெம்பர் பாக்கப்போறாங்க?”

நிவேதாவிடம் சொன்னேன். மறுப்பாள் என்று நினைத்தேன். “சரி போலாம்” என்றாள்.

ஸ்டூடியோக்காரருக்கு இது தினப்படி வேலை. “எந்த டிகிரிம்மா?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல், “எதுவா இருந்தாலும் ஒரே கவுனுதான்” என்று மாட்டிவிட்டார். முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இறுக்கினார். தொப்பி வைத்தார். ரிப்பன் கட்டிய தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

உண்மையைச் சொல்கிறேன், அந்தக் கோலத்தில் அவள் நன்றாகவே இருந்தாள். சந்தியாவின் போட்டோவுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் சொல்ல முடியாது.

“சிரிம்மா.”

அவள் ரிப்பனை உருவித் தாளைப் பிரித்தாள். ஸ்டூடியோவின் சொந்த விலைப்பட்டியல். பாஸ்போர்ட் சைஸ் என்ன விலை, லேமினேஷன் என்ன விலை...

“அதப் பிரிக்காதம்மா. போட்டோல உள்ள இருக்கறது தெரியாது.”

“எனக்குத் தெரியுதுங்களே.”

தொப்பியைக் கழற்றினாள். கவுனை மடித்து ஸ்டூலின் மேல் வைத்தாள். அவசரமே இல்லை. அன்றைக்கு முழுக்க ஆடிய கால் அப்போதுதான் நின்றிருந்தது.

“போன செமஸ்டர்ல இதே கேள்வி வந்துச்சு மாமா. பொய்யக் காட்டிச் சம்மதம் வாங்கினா அந்த ஒப்பந்தம் என்ன ஆகும்னு. ஏமாந்தவங்க நெனச்சா ரத்து பண்ணிக்கலாம்னு எழுதி ஃபுல் மார்க் வாங்கியிருக்கேன். இப்ப அந்த மார்க்கைத் திருப்பிக் குடுக்கவா?”

“இவ்ளோ நேரம் கவுன் போட்டுட்டு நின்னயே?”

“எப்பிடி இருக்கும்னு பாத்தேன். கறுப்பு எனக்கு நல்லாத்தான் இருக்குது. ஆனா அது கோர்ட்ல போடற கறுப்பா இருக்கணும்.”

வீடு போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மச்சான் புழு ஷெட்டில் தட்டுகளுக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார். புழு இலை தின்னும் சத்தம் ஓட்டின் மேல் தூறல் விழுகிற மாதிரி கேட்டது.

“என்ன ஆச்சு? போட்டோ எங்க?”

“எடுக்கலப்பா” என்றாள் நிவேதா. “மாப்பிள்ள வூட்டுக்கு போன் போடுங்க. பொண்ணு பன்னெண்டாவது படிச்சிருக்குதுன்னு சொல்லுங்க. இப்ப நின்னா அதுதான் நெசம். அப்பிடிச் சொல்லிக் கட்டி வெச்சீங்கன்னா நான் கட்டிக்கறேன்.”

மச்சான் கையில் இலையோடு நிமிர்ந்தார்.

“பன்னெண்டாவதா? ஊரெல்லாம் எம்பொண்ணு வக்கீலு வக்கீலுன்னு சொல்லிட்டுத் திரியறேன்... என்னயப் பொய்க்காரன் ஆக்கப் பாக்கறயா?”

“அப்ப வக்கீல் ஆக்குங்க.”

மச்சான் அந்தத் தட்டுக்கு இன்னொரு முறை இலை போட்டார். ஏற்கெனவே போட்ட தட்டு அது.

காலையில் அவரே போன் பேசினார். “இன்னும் ரெண்டு வருஷம் ஆகுங்க. காத்திருக்க முடிஞ்சா பாருங்க, இல்லீன்னா நீங்க வேற எடம் பாத்துக்கலாம்.” யோசித்துச் சொல்கிறோம் என்றார்களாம். இன்னும் யோசிக்கிறார்கள்.

நமக்கு எதையும் முடிந்த பிறகுதான் பார்க்கத் தெரிகிறது, கவனித்திருக்கிறீர்களா? பரீட்சை முடிந்தால் போட்டோ, கல்யாணம் முடிந்தால் ஆல்பம், வீடு முடிந்தால் பெயர்ப்பலகை. பாதி வழியில் மூச்சு வாங்க நிற்கிற ஆளைப் பார்த்தால் மட்டும், தோற்றுவிட்டான் என்கிறோம். எனக்குப் பழகிவிட்டது. நான் நின்ற இடமெல்லாம் பாதிதான். அவளுக்குப் பழக வேண்டாம்.

மனம் மாறிவிட்டாள் என்று எழுத மாட்டேன். புதன்கிழமை ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போதே, “இந்த செமஸ்டர் டாக்சேஷன் மாமா... சாவடிச்சிரும்” என்றாள். கால் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது. ஆனாலும் ரயில் ஏறினாள்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன். ஹாலில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஓர் ஆணி. மச்சான் அடித்தது. போட்டோவுக்கு இரண்டு வருஷம் இருக்கிறது. ஆணிக்கு அதுவரை பொறுக்கவில்லை.

நான் பழக்க தோஷத்தில் என் தோள்பையை அதில் மாட்டினேன். அக்கா எழுந்து வந்து, அதை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

பை கைக்கு வந்துவிட்டால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்... பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிட்டேன்.